பதில் தெரியாத கேள்விகள்

வணக்கம் சார்,

போடிநாயக்கனூரிலிருந்து எழுதுகிறேன். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்துவிட்டு ஒரு மெட்ரிக் பள்ளியில் 8 வருடம் வேலை பார்த்தேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். ஒரு வருடமாக வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். இரவு 9 மணி முதல் 10 வரை, மாதம் 1,200 ரூபாய்.

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டேன். இலவச டெமோ நடத்தினேன். இந்த முறை பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் 11 பேர். மூன்றாவது வாரம் மிஞ்சியது 3 பேர். ஒரு நர்ஸ், மொபைல் கடை வைத்திருக்கும் ஒருவர், ஏலக்காய் வியாபாரியிடம் வேலை பார்க்கும் ஒரு தம்பி. அவர்களும் கேமராவை அணைத்துவிட்டு மியூட்டில் இருக்கிறார்கள். கேள்வி கேட்டால் "நெட் ஸ்லோ மேடம்" என்று சாட்டில் வருகிறது. ஆர்வமே இல்லாதவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

புதிய மாணவர்களை எங்கே தேடுவது? மாணவர்களை ஆன்லைன் ஆசிரியர்களோடு சேர்த்துவைக்கும் பிரெப்ளி மாதிரித் தளங்களில் சேரலாமா? ஆங்கிலம் கற்பிப்பதற்கான செல்டா சான்றிதழ் வாங்கினால் மதிப்பு கூடுமா? அமெரிக்க உச்சரிப்பைப் பழக வேண்டுமா? இலவச ஜூமில் 40 நிமிடத்தில் வகுப்பு அறுந்துவிடுகிறது, பணம் கட்டலாமா? நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். அதை வெளியே சொல்லாதே என்கிறார் கணவர். என் போஸ்டரையும் இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பக்கத்து வீட்டு ஆன்லைன் வகுப்பு ஒன்று என் காதில் விழுந்துகொண்டிருந்தது. கல்லூரி முதலாண்டு படிக்கும் பையன் போனை ஸ்பீக்கரில் போட்டு வாசல் திண்ணையில் வைத்துவிட்டு வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். பிரெசன்ட் பெர்ஃபெக்ட்டுக்கும் சிம்பிள் பாஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த ஆசிரியை நல்ல தமிழில், நிஜமாகவே தெளிவாக, முக்கால் மணி நேரம் விளக்கினார். நடுநடுவே "புரிஞ்சுதா?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. பதிலுக்கு அவரும் காத்திருக்கவில்லை. அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தபோதுதான் உங்கள் மின்னஞ்சலைத் திறந்தேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பிரெப்ளியில் தாராளமாகச் சேருங்கள். ஆனால் புது மாணவர் எடுக்கும் சோதனை வகுப்பின் கட்டணம் முழுவதையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள், அதற்குப் பிறகு 33 சதவீதத்தில் தொடங்கும் கமிஷன், நீங்கள் நடத்தும் மணி நேரம் கூடக்கூட 18 வரை இறங்கும் என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். அதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்கள் சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் நடத்துவதை 2021 ஜூலையில் சீன அரசு தடுத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் விடியற்காலையில் எழுந்து அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் குடும்பம் நடத்தியவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். செல்டா, வெளிநாட்டு மொழிப் பள்ளிகளில் வேலை தேடுகிறவர்களுக்குப் பயன்படும். 120 மணி நேரப் படிப்பு, செலவும் அதிகம். இப்போது உங்களுக்குத் தேவையில்லை. அமெரிக்க உச்சரிப்பை விட்டுவிடுங்கள், தெளிவாகப் பேசினால் போதும். ஜூமுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தமிழ் வழியில் படித்ததை மறைக்கச் சொன்ன உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: போஸ்டரில் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். வகுப்பில் எழுந்து நின்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, நடுவில் வார்த்தை கிடைக்காமல், நாற்பது பேர் சிரிக்க உட்கார்ந்தவர்களுக்கு நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள். அது எப்படி இருக்கும் என்று கான்வென்டில் படித்து வந்த ஆசிரியைக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய தகுதியை எந்தச் சான்றிதழும் தராது.

இனி கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் போஸ்டரில் "30 நாளில் சரளமான ஆங்கிலம்" என்று இருக்கிறது. அதை இன்றே எடுத்துவிடுங்கள். அது பொய். கணக்கு போட்டுப் பாருங்கள். தினம் ஒரு மணி நேரம், ஞாயிறுகூட விடாமல் 30 நாள். பெரும்பாலான வகுப்புகளைப் போல அதில் முக்கால் மணி நேரம் நீங்கள் பேசினால், மீதி 15 நிமிடம். மாதத்துக்கு 450 நிமிடம். அதை 11 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 41 நிமிடம்கூட முழுசாக வராது. ஒரு மாதம் முழுக்க 41 நிமிடம் வாய் திறந்தவர் எப்படிச் சரளமாகப் பேசுவார்? மூன்றாவது வாரத்தில் நின்றுவிட்ட 8 பேரும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டிருக்க மாட்டார்கள், ஆனால் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அவர்களை ஆர்வம் இல்லாதவர்கள் என்கிறீர்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவு 9 மணிக்கு, 1,200 ரூபாய் கட்டி, ஆங்கிலம் படிக்க உட்கார்கிறவருக்கு ஆர்வம் இல்லை என்று எப்படி உங்களால் எழுத முடிந்தது? அந்த வாக்கியம் எனக்கு வருத்தமாக இருந்தது.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பர் எனக்கு உண்டு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். பம்புக்கு வேண்டிய உதிரி பாகங்கள் செய்கிறார். வட இந்தியாவிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் விசாரணை வரும்போதெல்லாம் போனை மருமகனிடம் கொடுத்துவிடுவார். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் சேர்ந்து சேர்ந்து நின்றவர். எல்லா இடத்திலும் "ஈஸ், வாஸ்" என்றுதான் ஆரம்பித்தார்களாம். 2020 ஊரடங்கு தளர்ந்த சமயத்தில் ஆன்லைனில் ஒரு ஆசிரியையிடம் சேர்ந்தார். ஒருநாள் நான் பட்டறையில் இருந்தபோது அந்த வகுப்பு நடந்தது.

ஆசிரியை ஆங்கிலத்தில் கேட்டார்: இன்று உங்களுக்கு என்ன பிரச்சினை? இவர், "டென் பீஸ் ரிஜெக்ட், மேடம்" என்றார். ஏன் என்றார் அவர். "ஹோல் பிக். பாயிண்ட் ஜீரோ ஃபைவ் பிக்." பாயிண்ட் ஜீரோ ஃபைவ் என்றால் என்ன, கண்ணுக்குத் தெரியுமா, அதற்காகவா திருப்பி அனுப்புவார்கள் என்று அந்த அம்மா நம்பாமல் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இவர் எழுந்துபோய் ரிஜெக்ட் ஆன ஒரு புஷ்ஷையும் ஒரு ஷாஃப்ட்டையும் எடுத்துவந்தார். போனின் பின்பக்கக் கேமராவுக்கு முன்னால் ஷாஃப்ட்டைப் புஷ்ஷுக்குள் விட்டு ஆட்டிக் காட்டினார். "சீ மேடம், ஷேக்கிங். மோட்டார் ரன்னிங், மோர் ஷேக்கிங். தென் சவுண்ட். தென் பேரிங் கான்." ஓ, அதனால்தான் எங்கள் வீட்டு மோட்டார் சத்தம் போடுகிறதா என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான், இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்த மோட்டாரைப் பற்றி இவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வெர்னியரை எடுத்து அளந்து காட்டினார். அரை மணி நேரம் பேசியிருப்பார். நடுவில் அந்த ஆசிரியை ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. வகுப்பு முடிந்ததும் வாட்ஸ்அப்பில் மூன்றே மூன்று வாக்கியம் அனுப்பினார். அவர் சொன்னவைதான், சரியான ஆங்கிலத்தில். அதை ஒரு அட்டையில் எழுதி லேத்துக்கு மேலே மாட்டிவைத்தார் நண்பர்.

எம்., நீங்கள் வகுப்பில் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் பெயர் என்ன, நேற்று என்ன கிழமை, இந்த வாக்கியத்தைப் பாஸ்ட் டென்ஸில் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் விடை உங்களுக்கு முன்பே தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அப்படியானால் அது பேச்சே இல்லை, பரீட்சை. பரீட்சையில் தோற்றுத்தான் அவர் உங்களிடம் வந்திருக்கிறார். கேமராவை அணைக்காமல் என்ன செய்வார்?

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நம் பக்கத்தில் நடந்த ஒரு பெரிய வேலையையே நாம் மறந்துவிட்டோம். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இந்த ஊரிலிருந்து இத்தனை மணிக்குக் கிளம்பினால் எப்போது போய்ச் சேரலாம், எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். முதலில் ஒரு கணக்கை ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து வாய்விட்டுப் போடுவார்கள். அப்புறம் அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகப் போடுவார்கள். வகுப்பில் பாதிப் பேராவது கொடுத்த வேலையில் பாதியையாவது சரியாகச் செய்தால் பாடம் வெற்றி என்று வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கிற இடைவெளி, யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய இடைவெளி, ஆளுக்கு ஆள் கருத்து மாறுகிற இடைவெளி என்று வேலைகளை அவர் மூன்றாகப் பிரித்தார். இன்று உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சியில் அவர் பெயர் வருகிறது. நம் பி.எட். கல்லூரிகளில் அதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

இலக்கணம் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். அந்தச் சோதனையை மதிப்பிட்டவர்களும் அதைப் பார்த்தார்கள். வாக்கிய அமைப்பை மட்டும் சோதித்த தேர்வில் பழைய முறையில் படித்தவர்கள் முந்தினார்கள். சூழலோடு சேர்த்துக் கேட்ட இலக்கணத்திலும், சொல்லச் சொல்ல எழுதுவதிலும் பிரபுவின் முறையில் படித்த பிள்ளைகள் முந்தினார்கள். உங்களிடம் வருகிறவர் பன்னிரண்டு வருடம் இலக்கணம் படித்துவிட்டுத்தான் வருகிறார். அவருக்கு இன்னொரு டென்ஸ் அட்டவணை வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் பிரபு அந்த இடைவெளியை உண்டாக்க அட்டவணையும் வரைபடமும் தயாரிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. மாணவர் அவர் கடையில், அவர் வீட்டில், அவர் பொருட்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே உங்களுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. ஆன்லைன் வகுப்பின் பெரிய வசதி அதுதான். முகத்தைக் காட்டு என்று கேட்காதீர்கள். முகத்தைக் காட்டக் கூச்சப்படுகிறவர் கையில் இருக்கும் பொருளைக் காட்டக் கூச்சப்பட மாட்டார். பின்பக்கக் கேமராவைப் போடச் சொல்லுங்கள்.

அந்த நர்ஸிடம் வெளிநாடு போகும் எண்ணம் உண்டா என்று கேட்டீர்களா? இருந்தால் அவர் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுத வேண்டியிருக்கலாம். பிரிட்டனில் பதிவு செய்வதற்கு அந்தத் தேர்வில் பேசுவதற்கு 'பி' கிரேடு வேண்டும். அதில் இலக்கணக் கேள்வி வராது. எதிரில் ஒருவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிப்பார். 3 நிமிடம் தயாரிப்பு, 5 நிமிடம் பேச்சு, அப்படி இரண்டு முறை. ஊசிக்குப் பயப்படும் நோயாளியாக நீங்கள் இருங்கள், அவர் உங்களைச் சமாதானப்படுத்தட்டும். வெளிநாட்டு எண்ணம் இல்லாவிட்டாலும் இதையே செய்யுங்கள். மொபைல் கடைக்காரர் உடைந்த டிஸ்பிளேயை எப்படி மாற்றுகிறார் என்று நர்ஸ் கேட்கட்டும். உங்கள் மூன்று பேருக்கும் மற்ற இருவரின் வேலை பற்றி ஒன்றும் தெரியாது. இதைவிட நல்ல வகுப்பு அமையாது. 40 நிமிடத்தில் நீங்கள் 10 நிமிடத்துக்கு மேல் பேசாவிட்டால், இலவச ஜூமே போதும். மீதி 30 நிமிடத்தை 3 பேர் பங்கிட்டால் ஒரே இரவில் ஆளுக்கு 10 நிமிடம்.

புதிய மாணவர்களை எங்கே தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். ரீல்ஸ் போடுவதை நிறுத்த வேண்டாம், ஆனால் அதில் இலக்கணக் குறிப்பு வேண்டாம். அந்த நர்ஸ் சம்மதித்தால் அவர் நோயாளியிடம் பேசிப் பழகும் ஒரு நிமிடத்தைப் போடுங்கள். அவருடைய வார்டில் வேலை பார்ப்பவர்கள் வருவார்கள். நர்ஸுகள் நாலு பேர் சேர்ந்தால் அவர்களுக்கென்று தனி வகுப்பு வையுங்கள், கட்டணத்தையும் கூட்டுங்கள். எட்டு வருட அனுபவத்துக்கு 1,200 குறைவு.

அடுத்து அந்த ஏலக்காய்த் தம்பி. போடியில் ஏலக்காய் மின் ஏலம் நடக்கிறது, நீங்கள் அதே ஊரில் இருக்கிறீர்கள், அவரை வைத்துக்கொண்டு டென்ஸ் நடத்துகிறீர்கள்! நாளை வகுப்புக்குக் கடையிலிருந்து இரண்டு கைப்பிடி கொண்டுவரச் சொல்லுங்கள், 8 மில்லிமீட்டர் காய் ஒன்று, அதைவிடச் சின்னது ஒன்று. எது விலை அதிகம், ஏன், பச்சை நிறம் எதனால் வெளிறுகிறது, வாங்க வருகிறவர் முதலில் எதைப் பார்ப்பார் என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். அவருக்கு வார்த்தை வராதபோது நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பத்து விநாடி பொறுங்கள். காயை உடைத்துக் காட்டுவார், பிறகு அவரே ஏதாவது ஒரு வார்த்தையைத் தேடிப் பிடிப்பார். அது தப்பாக இருந்தாலும் மேலே கேளுங்கள். திருத்தத்தை வகுப்பு முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.