தோள்வலியும் கைவீச்சும்

கேள்வி: பள்ளி நீச்சல் அணியில் உள்ள என் 14 வயது மகளுக்கு ஃபிரீஸ்டைல் பயிற்சிக்குப் பிறகு வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது. கை நீரில் இறங்கும் விதம் சரியில்லை என்கிறார் பயிற்றுநர். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உண்டு. உள்ளங்கை வெளிப்புறம் திரும்பி, கட்டைவிரல் முதலில் படும்படி, தலைக்கு நேர்முன்னே உள்ள நடுக்கோட்டையும் தாண்டிக் கை நுழையும்போது, மேற்கை எலும்பு உட்பக்கமாகச் சுழன்று, அதற்கும் தோள்பட்டையின் மேல் எலும்புக்கும் இடையிலுள்ள தசைநாணை நெருக்குகிறது. 50 மீட்டர் குளத்தின் ஒரு நீளத்துக்கே இரு கைகளுமாக 30, 40 வீச்சுகள் ஆவதால், சிறு பிழையும் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். கை தோளுக்கு நேராக, விரல்நுனிகள் முன்னதாக இறங்கட்டும்.

மகள் இடப்பக்கம் மட்டுமே மூச்சு வாங்குகிறாரா என்றும் கவனியுங்கள். அவ்வாறாயின் உடல் மறுபுறம் போதிய அளவு உருளாமல், வலக்கையைத் தூக்கும் பாரம் தோளின்மீதே விழக்கூடும்.

பழி முழுவதையும் நுட்பத்தின்மீது போடுவது எனக்கு உடன்பாடில்லை. போட்டி நெருங்கும்போது நீந்தும் தூரத்தைத் திடீரெனக் கூட்டுவதும் தோளைப் பாதிக்கும். வலி தீரும்வரை கைத்துடுப்புகள் (உள்ளங்கையில் மாட்டி நீந்தும் பயிற்சித் தகடுகள்) வேண்டாம். உறக்கத்தைக் கலைக்கும் வலியென்றால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டி, இயன்முறைச் சிகிச்சைக்குப் பரிந்துரை கேளுங்கள்.