அலுமினியத்துல டி4, டி6, டி651: எத வாங்கி மெஷினிங் பண்றது?

டெம்பர், அதாவது ஹீட் ட்ரீட்மென்ட்டால அலுமினியத்துக்கு வந்த நிலை (டி4, டி6 எல்லாம் அதோட பேருதான்), அத பத்தி கேளுங்கன்னு சொன்னா பாதி பேர் கேட்டது "எது ஹார்டு" தான். ஹார்ட்னஸால ஜாப் கெட்டதவிட உள்ள இருக்கிற ஸ்ட்ரெஸ்ஸால கெட்டதுதான் நான் அதிகமா பாத்திருக்கேன், அதனால அங்கருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: சார், 6061 அலாய் பிளேட்ல டி6-க்கும் டி651-க்கும் ஹார்ட்னஸ் ஒண்ணுதான்னு சப்ளையர் சொல்றார். அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?

அவர் சொன்னது சரிதான், ஆனா பாதிதான் சொல்லிருக்கார். ரெண்டுமே ஏறக்குறைய 530 டிகிரி செல்சியஸ்ல சூடு பண்ணி, சட்டுனு தண்ணில குவென்ச் பண்ணி, அப்புறம் 160லருந்து 175 டிகிரில மணிக்கணக்கா ஏஜிங் வச்ச, அதாவது அந்த மிதமான சூட்டுலயே விட்டு இறுக வச்ச மெட்டீரியல். யீல்டு (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கிற அளவு) ரெண்டுக்கும் ஏறக்குறைய 276 மெகாபாஸ்கல், ஹார்ட்னஸ் 95 பிரினெல். சிக்கல் தண்ணில போடறப்ப வருது. வெளித்தோல் முதல்ல ஆறி இறுகிடும், நடு பாகம் அப்புறமா ஆறி சுருங்கும்போது தோல உள்ள இழுக்கும். கடைசில தோல் நசுங்கின நிலைலயும் நடு இழுபட்ட நிலைலயும் ஒண்ண ஒண்ணு பிடிச்சுகிட்டு நிக்கும், அந்த ஏஜிங் சூட்டுல இது பெருசா போகாது. 651-ல இருக்கிற அந்த 51, குவென்ச் முடிஞ்சதும் பிளேட்ட நீளவாக்குல 1.5லருந்து 3 சதவீதம் இழுத்து இந்த இழுபறிய குறைச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

வெறும் டி6 பிளேட்ட ஒரு பக்கம் மட்டும் ஃபேசிங் (மேல்பரப்ப சீவறது) பண்ணிப் பாருங்க, வெட்டின பக்கமா ரெண்டு முனையும் மேல தூக்கும். நானே ஒரு தடவ 25 மில்லி பிளேட்ல பாக்கெட் ஆழமா எடுத்து, வைஸ்ல இருக்கிறப்ப டயல் வச்சு பாத்து அழகா இருக்குன்னு சந்தோஷப்பட்டு, கழட்டி சர்ஃபேஸ் பிளேட்ல வச்சா ஜாப் ஊஞ்சல் ஆடுது. ஆர்டர் போடறப்ப 51 கேக்காதது என் தப்புதான்.

கேள்வி: அண்ணா, நான் டி651 தான் வாங்கினேன், அதுவும் வளைஞ்சுது.

ஸ்ட்ரெஸ் குறைஞ்சிருக்கும் தம்பி, சுத்தமா போயிருக்காது. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ரஃப் பண்ணுங்க, அரை மில்லியாச்சும் மிச்சம் வைங்க, கிளாம்ப முழுசா கழட்டி ஜாப் அது இஷ்டத்துக்கு வளையட்டும்னு விடுங்க. அப்புறம் வளைஞ்ச இடத்துக்கு அடில ஷிம் (மெல்லிசு தகடு) கொடுத்து லேசா பிடிச்சு ஃபினிஷ் எடுங்க. அழுத்திப் பிடிச்சா நீங்களே நிமித்தி வெட்டுறீங்க, கழட்டினதும் பழையபடி போயிடும். ராத்திரி முழுக்க வச்சா ஸ்ட்ரெஸ் போயிடும்னு ஒரு பேச்சு உண்டு, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, பிடிய விட்ட உடனே வளையறது கிட்டத்தட்ட வளைஞ்சு முடிஞ்சிடும். காத்திருக்கிறது சூடு ஆறத்தான், 300 மில்லி ஜாப் 10 டிகிரி சூடா இருந்தாலே 0.07 மில்லி நீளமா காட்டும்.

ஸ்ட்ரென்த் பெருசா வேணாம், பிளேட் தட்டையா இருந்தா போதும்னா காஸ்ட் டூலிங் பிளேட் பாருங்க, ஜாப்ப பிடிக்கிற ஃபிக்ஸ்சருக்கு நான் அதத்தான் எடுப்பேன்.

கேள்வி: டி4 சாஃப்ட்டா இருக்கே, டூல் லைஃப் அதிகம் வராதா?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறாங்க, நடக்கிறது தலைகீழ். டி4, அதாவது குவென்ச்சோட நிறுத்தி சூட்டு ஏஜிங் பண்ணாதது, பிசுபிசுன்னு வெட்டும், சிப்ஸ் நீளமா வந்து டூல்ல சுத்தும், வெட்டுமுனைல அலுமினியம் ஒட்டி மேடு கட்டும், ஃபினிஷ் கிழிஞ்ச மாதிரி வரும். ஓ டெம்பர் (சூடு பண்ணி மெதுவா ஆற விட்டு மென்மையாக்கினது) இன்னும் மோசம், அதுல சின்ன டாப் (மரை வெட்டுற டூல்) போட்டு பாத்தவங்களுக்குத் தெரியும். டி6 சுத்தமா வெட்டும். டி4 தான் கைல இருக்குன்னா பாலிஷ் பண்ண, கோட்டிங் இல்லாத கார்பைடு டூல், ரெண்டு இல்லன்னா மூணு ஃப்ளூட் (சிப்ஸ் வெளிய போற பள்ளம்), கூலன்ட் தாராளமா விடுங்க. டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங் வேணாம், அதுலயே அலுமினியம் இருக்கு, ஒட்டிக்கும்.

கேள்வி: மெல்லிசு சுவர் வெட்டுறப்ப அதிருது ப்ரோ. 7075 அலாய்க்கு மாறினா விறைப்பா நிக்குமா?

நிக்காது. விறைப்புங்கிறது டெம்பர்ல இல்ல, 6061 எந்த டெம்பரா இருந்தாலும் எலாஸ்டிக் மாடுலஸ் 69 ஜிகாபாஸ்கல் தான், 7075-க்கு 72. காச அதுல போடாம டூல் ஹோல்டருக்கு வெளிய நீட்டிகிட்டு இருக்கிறத குறைங்க.

கேள்வி: ஒரே பார்ட்ல பெண்டும் இருக்கு, மில்லிங்கும் இருக்கு. எந்த டெம்பர்?

டி4. டி6-அ சின்ன ரேடியஸ்ல மடக்கினா விரிசல் விடும். டி4-ல மடக்கிட்டு 175 டிகிரி பக்கத்துல 8 மணி நேரம் ஏஜிங் பண்ணா டி6 ஸ்ட்ரென்த் பக்கத்துல வந்துடும், மறுபடி தண்ணில போடற வேலை இல்லாததால அளவும் பெருசா மாறாது. டைட் டாலரன்ஸ் மில்லிங்க ஏஜிங்குக்கு அப்புறம் வச்சுக்கோங்க, அப்போ டி6 மாதிரி சுத்தமாவும் வெட்டும். ஓ டெம்பர வாங்கி இதே மாதிரி வெறும் ஏஜிங் மட்டும் பண்ணி ஹார்டாகலன்னு வராதீங்க, அதுக்கு 530 டிகிரி, குவென்ச்னு முதல்லருந்து போகணும், முடிச்ச ஜாப்ப குவென்ச்ல போட்டா என்ன ஷேப்ல வரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

கேள்வி: டி6 பார்ட்ட வெல்டு பண்ணலாமா?

பண்ணலாம், ஆனா வெல்டு பக்கத்துல சூடு பட்ட இடம் டி6-ஆ இருக்காது, ஸ்ட்ரென்த் பாதி அளவுக்கு இறங்கிடும்னு வச்சு டிசைன் போடுங்க.

கேள்வி: 7075-ல டி651-ஆ, டி7351-ஆ?

மெஷினிங்ல பெரிய வித்தியாசம் தெரியாது. டி73 கொஞ்சம் ஓவர் ஏஜிங் பண்ணது, ஸ்ட்ரென்த் 10லருந்து 15 சதவீதம் போகும். பதிலுக்கு ஸ்ட்ரெஸ் கரோஷன் விரிசல தாங்கும். தடிமனான பிளேட்ல, தடிமன் திசைல எப்பவும் இழுவிசை இருந்து ஈரமும் படற பார்ட்னா டி7351 தான் எடுப்பேன்.

கேள்வி: ராக்குல கிடக்கிற துண்டு என்ன டெம்பர்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

6061-னு உறுதியா தெரிஞ்சா ஹார்ட்னஸ் பாருங்க, 95 பக்கம்னா டி6, 65 பக்கம்னா டி4. டி6-ஆ டி651-ஆன்னு ஹார்ட்னஸ் டெஸ்டர் சொல்லாது, சர்டிஃபிகேட்டோ பிளேட்ல அடிச்ச பிரிண்ட்டோ தான் சொல்லும். அதனால பிளேட் வெட்டுறப்ப பிரிண்ட் இருக்கிற மூலைய கடைசியா வெட்டுங்க, இல்லன்னா மிச்சத் துண்டுல மார்க்கர்ல எழுதிட்டு ராக்குல வைங்க.