தவணை தள்ளிப்போனது, கடன் குறையவில்லை

அன்புள்ள ஐயா,

கொரோனா காலத்தில் ஏழை நாடுகளின் கடன் தவணைகளை ஜி-20 நாடுகள் நிறுத்திவைத்தன. 2021இல் ஐ.எம்.எஃப். எனப்படும் சர்வதேச நாணய நிதியம் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள கையிருப்பைப் புதிதாக உருவாக்கி எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பகிர்ந்தது. இவ்வளவு செய்தும் ஆப்பிரிக்காவின் ஜாம்பியா போன்ற நாடுகள் ஏன் தத்தளித்தன? அந்த நாடுகளின் நிர்வாகக் கோளாறுதான் காரணமா?

முத்துவேல்

அன்புள்ள முத்துவேல்,

நிர்வாகக் கோளாறே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெருந்தொற்றுக்கு முன்பே ஜாம்பியா அளவுக்கு மீறிக் கடன் வாங்கியிருந்தது. ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு உதவிகளும் எந்த விதிப்படி பிரிந்தன என்று பாருங்கள். கோளாறு அங்கேயும் இருக்கிறது.

அந்த 65,000 கோடி டாலர் கைக்காசாக வரவில்லை. எஸ்.டி.ஆர். எனப்படும் சிறப்பு எடுப்பு உரிமையாக மத்திய வங்கியின் கையிருப்பில் ஏறியது. மருந்து வாங்க வேண்டுமானால் அதை இன்னொரு நாட்டிடம் கொடுத்து டாலரோ யூரோவோ பெற வேண்டும். அசலுக்குக் கெடு கிடையாது. ஆனால் கொடுத்த அளவுக்கு வட்டி ஓடத் தொடங்கும். 2021இல் 0.05 சதவீதமாக இருந்த அந்த வட்டி 2023இல் 4 சதவீதத்தைத் தாண்டியது.

இதைவிடப் பெரிய சிக்கல் பங்கீட்டில். ஐ.எம்.எஃப்.பில் யாருக்கு எவ்வளவு பங்கு உண்டோ அந்த விகிதத்தில்தான் எஸ்.டி.ஆர். பிரியும். யாருக்குத் தேவை என்ற கேள்வியே அங்கு எழாது. வளரும் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்துச் சுமார் 27,500 கோடி. அதில் மிக ஏழை நாடுகளுக்கு 2,100 கோடி. ஆப்பிரிக்கா முழுவதற்கும் கிடைத்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல் அமெரிக்கா ஒன்றுக்கே போனது. காலமும் கடந்துவிட்டது. 2020 ஏப்ரலிலேயே இந்தப் பேச்சு எழுந்தது; அமெரிக்கா ஒப்பவில்லை. 85 சதவீத வாக்கு தேவைப்படும் இடத்தில் 16 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் மறுத்தால் அத்தோடு முடிந்தது. ஒதுக்கீடு வர 2021 ஆகஸ்ட் ஆனது.

பணக்கார நாடுகள் தங்கள் பங்கிலிருந்து 10,000 கோடி டாலரை ஏழை நாடுகளுக்குத் திருப்பிவிடுவதாகச் சொன்னதும் உண்மை. ஆனால் அது கடனாகவே போகிறது. அதற்காக அமைத்த ஐ.எம்.எஃப். நிதியத்தில் 20 ஆண்டுத் தவணை உண்டு, நல்லதுதான். ஆனாலும் கடன் கேட்கும் நாடு ஐ.எம்.எஃப்.பின் இன்னொரு திட்டத்திலும் சேர்ந்து அதன் நிபந்தனைகளை ஏற்றிருக்க வேண்டும்.

ஜி-20இன் தவணை நிறுத்தம் 2020 மே முதல் 2021 டிசம்பர் வரை நடந்தது. தகுதி பெற்ற 73 நாடுகளில் 48 சேர்ந்தன. தள்ளிவைக்கப்பட்டது சுமார் 1,290 கோடி டாலர். அதில் ஒரு டாலர்கூடத் தள்ளுபடி இல்லை. முதலில் தள்ளிய தவணைகளை ஓராண்டு அவகாசத்துக்குப் பின் மூன்றே ஆண்டுகளில் கட்ட வேண்டும். கட்டும் காலம் வந்தபோது உலகெங்கும் வட்டி ஏறிக் கிடந்தது. மீதி 25 நாடுகள் ஏன் விலகி நின்றன? விண்ணப்பித்தாலே, கடனைக் கட்டும் திறனை எடைபோடும் தரமதிப்பு நிறுவனங்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும் என்ற பயம் ஒரு முக்கியக் காரணம். அது வீண் பயமல்ல. கென்யா முதலில் மறுத்துவிட்டு 2021 ஜனவரியில்தான் சேர்ந்தது.

இனி ஜாம்பியா. அரசுகள் தள்ளிவைத்தாலும் கடன் பத்திரம் வைத்திருந்த தனியார் முதலீட்டாளர்களை எந்த விதியும் கட்டுப்படுத்தவில்லை. ஜாம்பியா அவகாசம் கேட்டது, மறுத்தார்கள். நாங்கள் விட்டுக்கொடுத்தால் அந்தப் பணம் சீனக் கடனை அடைக்கப் போகும் என்பது அவர்கள் சந்தேகம். 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டியைக் கட்ட முடியாமல் ஜாம்பியா தவறியது. கடன் கொடுத்த அரசுகளோடு உடன்பாடு வர 2023 ஜூன் ஆனது, பத்திரக்காரர்களோடு 2024. அத்தனை காலமும் மருத்துவமனையும் பள்ளியும் காத்திருந்தன என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஆகவே கேட்க வேண்டியது, நெருக்கடி வந்தபின் மனு போடாமலே தானாக இயங்கும் ஏற்பாட்டை. அரசுகள் வெளிநாட்டில் விற்கும் பத்திரங்களில் பெரும்பாலானவை நியூயார்க் சட்டத்துக்கோ இங்கிலாந்துச் சட்டத்துக்கோ உட்பட்டவை. தனியாரும் சமமாக இறங்கி வர வேண்டும் என்று அந்த இரண்டு இடங்களில் சட்டம் வந்தாலே நிலைமை பெரிதும் மாறும். இன்னொரு வழி, பேரிடர் வந்தால் தவணை தானாக நிற்கும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவது. கரீபியத் தீவு நாடான கிரெனடா 2015இல் தன் கடனை மறுசீரமைத்தபோது புயலுக்காக அப்படி எழுதிவாங்கியது. 2024இல் பெரில் புயல் அடித்தபோது அந்த விதியைப் பயன்படுத்தித் தவணையைத் தள்ளிவைத்தது; யாரும் அதைக் கடன் தவறியதாகக் கணக்கில் எழுதவில்லை. புயல் என்ற இடத்தில் பெருந்தொற்றையும் சேர்த்து எழுதத் தடை எதுவும் இல்லை.