ஹீட்டட் கிரிப் மாட்டினதுல இருந்து பேட்டரி இறங்குது – பதில்

ப்ரோ, ஊட்டி குளிர்ல விரல் மரத்துப்போகுதுன்னு உங்க ஹிமாலயன் பைக்ல ஹீட்டட் கிரிப் (கரண்ட்ல சூடாகுற கைப்பிடி உறை) மாட்டினீங்க, இப்போ ரெண்டு நாள் வண்டி நின்னா பேட்டரி டவுன். ஒயரை நேரா பேட்டரில கொடுத்திருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, பிரச்சனை அங்கதான். முழு சூட்டுல கிரிப் சுமாரா 3–4 ஆம்ப் இழுக்கும், சாவிய எடுத்தாலும் ஆஃப் ஆகாது. ஒரு ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட்டை ஆன்/ஆஃப் பண்ற சுவிட்ச்) போடுங்க, மெயின் சப்ளை பேட்டரில இருந்து ஃபியூஸ் வழியா வரட்டும், ரிலேவை ஆன் பண்ற ட்ரிகர் ஒயரை மட்டும் சாவி போட்டாதான் கரண்ட் வர்ற ஒயர்ல கொடுங்க.

ஆனா எனக்கு அதைவிட பயம், ஆக்சிலரேட்டர் கொஞ்சம் டைட்டா திரும்புதுன்னு கடைசில போற போக்குல சொன்னீங்களே அதுதான். சரி பண்ணாம கோத்தகிரி இறக்கத்துல இறங்காதீங்க, ப்ளீஸ். கிரிப்பை ரொம்ப உள்ள தள்ளிட்டா சுவிட்ச் பாக்ஸ்ல உரசும், 1–2 மிமீ இடைவெளி வேணும். கிரிப்பை ஒட்டின பசை உள்ள வழிஞ்சிருக்கான்னும் பாருங்க. இன்ஜின் ஆஃப் பண்ணி, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஆக்சிலரேட்டரை முறுக்கி விடுங்க, டக்குனு தானா பழைய இடத்துக்குத் திரும்பணும், ஒயர் எங்கயும் இழுக்கக்கூடாது.

கூடவே ஹேண்ட் கார்டு (கைக்கு முன்னாடி காத்தைத் தடுக்குற கவசம்) போட்டுருங்க, காத்து நேரா விரல்ல அடிக்கிற வரைக்கும் உள்ளங்கை மட்டும்தான் சுடும்.