சிநேகிதியின் கதை அச்சில் வந்தபோது

'எழுதுகிறவர்களுக்குள் உண்மையான நட்பு சாத்தியமா, போட்டி அதைக் கெடுத்துவிடாதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். சாத்தியம்தான், ஆனால் பொறாமையே வராது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். நானும் என் சிநேகிதியும் ஒரே பத்திரிகைக்குக் கதை அனுப்பி, அவளுடையது மட்டும் அச்சில் வந்தபோது, வாழ்த்துச் செய்தியை மூன்று தடவை அடித்து அடித்து அழித்தேன். அப்புறம் அந்தக் கதையை நிதானமாகப் படித்தேன். நானாக இருந்தால் இன்னும் ஒரு பக்கம் விளக்கியிருப்பேன், அவள் ஒரே வரியில் கதவைச் சாத்திவிட்டாள். அன்று இரவே என் கதையின் கடைசிப் பக்கத்தை வெட்டினேன்.

வேலையை முடிக்கும் முன்பே காட்டிக்கொள்கிற நட்புதான் தாங்குகிறது என்பது என் எண்ணம், மற்றவரின் வெற்றியில் நம் கையும் கொஞ்சம் பட்டிருக்கும் அல்லவா. ஆங்கிலத்தில் எழுதிய டோல்கீனும் சி. எஸ். லூயிஸும் ஆக்ஸ்ஃபோர்டில் அப்படித்தான், எழுதிக்கொண்டிருந்த பக்கங்களை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்கள். லூயிஸின் ஊக்கம் இல்லாவிட்டால் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தன் பெரிய நாவலை முடித்திருக்கவே மாட்டேன் என்று டோல்கீன் பிற்பாடு எழுதினார். இத்தனைக்கும் லூயிஸ் சிறுவர்களுக்கு எழுதிய நார்னியா கதைகள் அவருக்குப் பிடிக்கவே இல்லை, பின்னாளில் நெருக்கமும் குறைந்துபோனது. அப்படியும் 1961-இல் இலக்கிய நோபலுக்கு டோல்கீனின் பெயரைப் பரிந்துரைத்தது லூயிஸ்தான்.