தை மழையில் மக்காச்சோளமும் உளுந்தும்: எதை முதலில் எடுப்பது?

கேள்வி: ஐயா வணக்கம். விளாத்திகுளம் பக்கம், மானாவாரிக் கரிசல். நாலு ஏக்கர் மக்காச்சோளம் புரட்டாசிக் கடைசியில் விதைத்தது. ரெண்டு ஏக்கர் உளுந்து, ஐப்பசிப் பாதியில் போட்டது. ரெண்டும் ஒன்றாக முற்றி நிற்கிற நேரத்தில், தை பிறந்ததிலிருந்து விட்டு விட்டு மழை. வீட்டு ஆள் நாலு பேர்தான், கூலிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். உளுந்து நெற்றில் அங்கங்கே முளை தெரிகிறது. மக்காச்சோளத்தில் ஒரு பகுதி சாய்ந்துவிட்டது. கதிரை ஒடித்துக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாமா? டயருக்குப் பதில் சங்கிலிப் பட்டையில் ஓடுகிற செயின் வண்டி அறுவடை மிஷின் கூப்பிட்டு அறுத்துவிடலாமா? காய்ந்த சரக்கு குவிண்டால் 2,300 போகிறது. வியாபாரி ஒருவர் ஈரம் 23 சதவீதம் என்று சொல்லி 350 ரூபாய் குறைத்துக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: மழை வெறித்ததும் நாலு பேரும் உளுந்தில் இறங்குங்கள். மக்காச்சோளத்தில் சாய்ந்த பகுதி மட்டும் அதற்கு அடுத்த வேலை. நிமிர்ந்து நிற்பது ஒரு வாரம், பத்து நாள் பொறுக்கும். உளுந்து பொறுக்காது. முற்றின நெற்றின் தோல் மெல்லியது, நனைந்து இரண்டு மூன்று நாள் ஈரம் விடாமல் இருந்தால் உள்ளேயே முளை கட்டிவிடும். கிலோவுக்குக் கிடைக்கும் காசும் மக்காச்சோளத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எது அதிக நிலத்தில் நிற்கிறதோ அதிலிருந்து தொடங்குவதுதான் பலரும் செய்வது. இந்த மழையில் அது நஷ்டக் கணக்கு.

நெற்றில் நூற்றுக்கு எண்பது கறுத்திருந்தால் செடியோடு எடுத்துவிடலாம். அதற்குக் குறைவாக இருந்தால் கறுத்த நெற்றை மட்டும் பறியுங்கள். ஆள் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் காயவைக்க வேண்டிய சரக்கு பாதிக்கும் கீழே குறையும். செடியைப் பிடுங்காதீர்கள். ஈரக் கரிசலில் பிடுங்கினால் வேரோடு சேறு வரும், அடிக்கும்போது அந்த மண் பருப்பில் ஒட்டி நிறத்தைக் கெடுக்கும். அரிவாளால் தரைக்கு இரண்டு விரல் மேலே அறுங்கள். அறுத்ததை வயலில் கட்டாகப் போட்டு வைக்க வேண்டாம், ஓர் இரவில் அடிக்கட்டு புழுங்கிவிடும். தார்ப்பாயில் அரை அடி உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நாளைக்கு இரண்டு தரம் புரட்டுங்கள். மறுபடி தூறினால் வீட்டுத் திண்ணை, டிராக்டர் நிறுத்தும் கொட்டகை, எங்கே கூரை இருக்கிறதோ அங்கே கொண்டுபோய்க் கயிறு கட்டிச் சின்னச் சின்னப் பிடியாகத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பறித்த நெற்றானால் தரையில் பரப்பி மின்விசிறியை ஓடவிட்டாலே போதும். வெயிலைவிடக் காற்றோட்டம்தான் இப்போது முக்கியம்.

நெற்றைக் கையில் இறுக்கினால் சடசடவென்று நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் அடிக்கிற பதமில்லை. அவசரப்பட்டு டிராக்டரை ஏற்றினால் பருப்பு நசுங்கிப் போகும். முளைத்தது, தோல் சுருங்கியது இரண்டையும் தனியே சலித்துப் பிரித்துவிடுங்கள், நல்லதோடு கலந்தால் மொத்த மூட்டைக்கும் அந்த விலைதான் வைப்பார்கள். ஆதரவு விலைக்கு அரசு வாங்கும் விலை ஆதரவுத் திட்டத்தில் கொடுப்பதானால் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டில் வைப்பதானால் 10-க்கு இறக்குங்கள். மழையில் நனைந்த பருப்பை விதைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

இனி மக்காச்சோளம். முதலில் முற்றிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். கதிரின் நடுவிலிருந்து ஒரு மணியை எடுத்து, சக்கையில் (மணிகள் பதிந்திருக்கும் நடுத்தண்டில்) ஒட்டியிருந்த நுனியை நகத்தால் கீறிப் பாருங்கள். அடியில் கறுப்பாக ஒரு மெல்லிய வளையம் இருந்தால் மணி நிறைந்துவிட்டது, இனிச் செடியிலிருந்து அதற்கு எதுவும் வரப்போவதில்லை. அந்தக் கட்டத்தில் மணியில் ஈரம் 30 முதல் 35 சதவீதம் இருக்கும். நல்ல வெயில் நாளில் அதில் ஒரு சதவீதம் குறையலாம், மூட்டமான நாளில் கால், அரை என்றுதான் இறங்கும்.

பிறகு தட்டையின், அதாவது செடித்தண்டின், பலத்தைப் பாருங்கள். வயலில் ஐந்து இடங்களில், இடத்துக்கு இருபது செடி. நெஞ்சு உயரத்தில் கையை வைத்து ஒரு முழம் தள்ளி விடுங்கள். திரும்பி நிமிர்ந்தால் நல்லது. மடங்கினால் அடித்தண்டு அழுகிவிட்டது என்று அர்த்தம். நூறு செடியில் பத்து, பதினைந்துக்கு மேல் மடங்குகிற பகுதி அடுத்த காற்றுக்கு விழும், அதைச் சாய்ந்ததோடு சேர்த்து ஒடித்துவிடுங்கள். தரையில் படுத்த கதிர்தான் முதலில் முளைக்கும்.

நிமிர்ந்து நிற்கிற பகுதியில் கதிர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். மேலே பார்த்தபடி, தோகை (கதிரை மூடியிருக்கும் உறை) நுனி விரிந்து நிற்கிற கதிருக்குள் மழைநீர் இறங்கி அடியில் தேங்கும். 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்த மணி மறுபடி நனையும்போதுதான் கதிரிலேயே முளைவிடுவது அதிகம். இதற்குப் பணச்செலவில்லாத வழி உண்டு. கதிருக்குக் கொஞ்சம் கீழே தட்டையைப் பிடித்து மடக்கி, கதிரின் நுனி தரையைப் பார்க்கும்படி விடுங்கள். தோகையே கூரையாகி நீரை வழித்துவிடும். தீவனம் தேவையென்றால் கதிருக்கு மேலே உள்ள கொண்டையை அறுத்தெடுக்கலாம், காற்றும் வெளிச்சமும் கதிருக்குக் கிடைக்கும். இரண்டுமே கறுப்பு வளையம் தெரிந்த பிறகுதான். முன்னால் செய்தால் மணி சுருங்கும். தானாகவே தலை தொங்கிவிட்ட கதிரைத் தொட வேண்டாம்.

கதிரை ஒடித்துக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவதுதான் நீங்கள் கேட்டவற்றில் மோசமான யோசனை. செடியில் நிற்கும்போது நனைகிற கதிர் காற்றில் உலரவும் செய்கிறது. குவியலில் உலர வழியே இல்லை. 25 சதவீத ஈரத்தில் மணி உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். மணியைவிடச் சக்கையில் ஈரம் அதிகம். மறுநாள் குவியலின் நடுவில் கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள், சூடு தெரியும். அந்தச் சூட்டில் மஞ்சள் கலந்த பச்சைப் பொடியாகப் படர்கிற ஆஸ்பர்ஜில்லஸ் பூசணம்தான் அஃப்ளடாக்ஸின் நஞ்சை விடுகிறது. வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நாமக்கல் பக்கம் தீவன ஆலைகளுக்குப் போகிற சரக்கில் இதைச் சோதித்துத்தான் எடுப்பார்கள்.

ஒடித்த கதிரைத் தோகை உரித்து, காற்றோட்டப் பட்டியில் போடுங்கள். சவுக்குக் கம்பு நட்டு, தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் மூங்கில் தளம், இரு பக்கமும் கம்பி வலை அல்லது இடைவெளி விட்ட மூங்கில் தப்பை, மேலே தகரமோ தார்ப்பாயோ. அகலம் இரண்டு அடிக்கு மேல் போகக் கூடாது, இதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று நாலு அடி வைத்துவிட்டால் நடுப்பகுதி காயாமல் பூசணம் பூத்துவிடும். இப்போது அடிப்பது வாடைக்காற்று. நீளப்பக்கம் வடகிழக்கைப் பார்க்கட்டும், காற்று குறுக்கே புகுந்து வெளியேற வேண்டும். பத்து அடி நீளம், இரண்டு அடி அகலம், ஆறு அடி உயரத்துக்குக் கதிர் நிரப்பினால் அதிலிருந்து ஏறக்குறைய 12 குவிண்டால் மணி வரும். 30 சதவீத ஈரத்தில்கூட உள்ளே போடலாம். உங்களுக்கு நாலு ஏக்கருக்கும் பட்டி கட்டி முடியாது. சாய்ந்த பகுதிக்கு இருபது அடி கட்டினால் பெரும்பாலும் போதும்.

செயின் வண்டி சேற்றில் புதையாது என்பது உண்மைதான். ஆனால் சிக்கல் வண்டியில் இல்லை, அது கொட்டிவிட்டுப் போகிற சரக்கில் இருக்கிறது. ஏக்கருக்கு இருபது, இருபத்திரண்டு குவிண்டால் என்று வைத்தாலும் ஒரே நாளில் 80, 90 குவிண்டால் ஈர மணி கையில் நிற்கும். இரண்டு அங்குல கனத்தில் பரப்ப ஒரு குவிண்டாலுக்கு 30 சதுர அடி வேண்டும், 90 குவிண்டாலுக்கு 2,700 சதுர அடி களம். ஈரத்தில் அடிபட்ட மணியில் விரிசலும் உடைசலும் அதிகம், பூசணம் அந்த வழியாகத்தான் நுழைகிறது. உலர்த்தும் இயந்திரமோ அன்றைக்கே எடுத்துக்கொள்ளும் ஆளோ இல்லாமல் மிஷினைக் கூப்பிடாதீர்கள். மிதித்த தடத்தில் நீர் கசிகிற நிலையில் லோடு டிராக்டரையும் உள்ளே விட வேண்டாம், ஓடைப் பாதையில் நிறுத்தி மூட்டையைச் சுமந்து போய் ஏற்றுங்கள். ஈரக் கரிசலை டயர் அழுத்திய தடம் அடுத்த விதைப்பு வரை பேசும்.

வியாபாரி விஷயம். 23 சதவீத ஈரமுள்ள 100 கிலோ, 14-க்குக் காய்ந்தால் 89.5 கிலோவாகத்தான் நிற்கும். 2,300 ரூபாய் கணக்கில் அதன் மதிப்பு 2,059. அவர் கொடுப்பது 1,950. ஆக, காயவைக்கிற கூலிக்கும் கெட்டுப்போகிற அபாயத்துக்கும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 109 ரூபாய்தான் உண்மையில் பிடிக்கிறார். மீதிக் குறைப்பு தண்ணீரின் எடை. கூரையில்லாத நிலையில் இது அநியாய விலை அல்ல. சாய்ந்த கதிரில் பட்டிக்கு மிஞ்சியதை அவருக்கே கொடுத்துவிடுங்கள், நிமிர்ந்து நிற்கிற நல்ல கதிரைக் கொடுக்காதீர்கள். ஆனால் அந்த 23 சரியான அளவா என்று பாருங்கள். மழை ஈரம் மேலே ஒட்டிய மணியையோ வெயிலில் சூடேறிய மணியையோ அப்படியே ஈரம் அளக்கிற மீட்டரில் போட்டால் அளவு பிசகும். நிழலில் ஆறவிட்டு, மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து, மூன்று தரம் அளக்கச் சொல்லுங்கள்.

மீட்டர் இல்லாத வீட்டில் உப்புச் சோதனை போதும். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணி, ஒரு கைப்பிடி உலர்ந்த தூள் உப்பு. மூடிச் சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே, மூட்டை போடலாம். மாதக்கணக்கில் வைப்பதானால் 12 வரை இறக்குங்கள்.

கதிரை அடித்து மணியைப் பிரிப்பது ஈரம் 18-க்குக் கீழே வந்த பிறகு. அதற்கு மேல் அடித்தால் சக்கையில் மணி தங்கும், வேகத்தைக் கூட்டினால் உடையும். ஈரக் கதிர் அடிக்கிற மிஷினின் வாயில் அடைத்துக்கொள்ளும்போது கையால் தள்ளுவதில்தான் விரல் போகிறது. டிராக்டரை அணைத்துவிட்டு எடுங்கள். அடித்த மணியைக் களத்தில் பரப்பி அரைமணிக்கு ஒரு தரம் துழாவிவிடுங்கள். மாலையில் சூட்டோடு குவித்துத் தார்ப்பாயால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து மேல்மணி நனையும். ஆறவிட்டு, நடுவில் கம்பு கொடுத்துக் காற்றுப்போக இடம் வைத்து மூடுங்கள்.

பூசணம் பிடித்த கதிரைத் தனியாக எறியுங்கள். மஞ்சள் பச்சைப் பொடி தெரிந்ததைக் கறவை மாட்டுக்கும் கோழிக்கும் போடவே கூடாது. மாட்டுக்குள் போகிற நஞ்சு பாலிலும் இறங்கும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்தது ஃபியூசேரியம், அது பன்றிக்கும் குதிரைக்கும் பெரும் கேடு. பூசணமில்லாமல் வெறுமனே முளைவிட்ட மணியை மாட்டுக்குக் கொடுக்கலாம், முதல் நாளே அள்ளி வைக்காமல் அரைக் கிலோவில் தொடங்கிக் கூட்டுங்கள்.

பயிர்க் காப்பீடு செய்திருந்தால் இன்னொன்று. அறுத்து வயலில் காயப் போட்டிருந்த சரக்கு பருவம் தப்பிய மழையில் கெட்டால், அறுத்த நாளிலிருந்து 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணிலோ வங்கியிலோ வேளாண்மை அலுவலகத்திலோ தெரிவித்தாக வேண்டும். உளுந்தை அறுக்கிற அன்றே சர்வே எண், தேதி குறித்து, பரப்பிக் கிடக்கிற நிலையில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். களத்துக்கோ வீட்டுக்கோ கொண்டுவந்த சரக்குக்கு இந்தப் பாதுகாப்பு செல்லாது.