எந்த டுகேன்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் டுகேன் கோட்டை இருந்த இடத்தில் எழுந்தது என்று படித்தேன். 1690ல் சென்னைக் கடலில் சண்டையிட்டவரும் டுகேன். பிரெஞ்சுப் போர்க்கப்பல்களுக்கும் அதே பெயர். எல்லாம் அட்மிரல் டுகேன் ஒருவர்தானா?

எஸ்.ஆர்., திருச்சி

அன்புள்ள எஸ்.ஆர்.,

இல்லை, மூன்று பேர். மூவருமே கடற்படைக்காரர்கள் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

மூத்தவர் பிரான்ஸின் டியெப் துறைமுகத்து ஆப்ரகாம் டுகேன். 1676ல் சிசிலியின் அகோஸ்டா அருகே பிரெஞ்சுக் கப்பல்களை நடத்தியவர். அந்தச் சண்டையில் குண்டடிபட்ட டச்சுத் தளபதி டி ரைட்டர் ஒரு வாரத்தில் இறந்தார். டுகேன் புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கராக மாற மறுத்ததால் அட்மிரல் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. 'அட்மிரல் டுகேன்' என்று எழுதுகிறவர்கள் மன்னன் கொடுக்காததைக் கொடுக்கிறார்கள்! இவர் இறந்தது 1688ல். எனவே சென்னைக்கு வந்தவர் இவரல்ல, இவருடைய சகோதரரின் மகனான டுகேன்-கித்தோன்.

கோட்டைக்குப் பெயர் தந்தவர் மார்க்கி டுகேன். 1752 முதல் 1755 வரை கனடாவில் பிரெஞ்சு ஆளுநர். அலிகெனி, மொனொங்கஹேலா என்ற இரண்டு ஆறுகளும் கூடி ஓஹையோ ஆறு ஆகும் முனையில் 1754ல் கோட்டை கட்டினார்கள். 1758 நவம்பரில் ஆங்கிலேயப் படை நெருங்கியதும் பிரெஞ்சுக்காரர்களே அதைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் மார்க்கி ஸ்பெயினின் கார்த்தஹேனா அருகே கடலில் பிடிபட்டிருந்தார். 80 பீரங்கிகள் கொண்ட அவருடைய ஃபுத்ரோயான் கப்பலை 64 பீரங்கிகளே இருந்த ஆங்கிலேயக் கப்பல் மான்மத் மடக்கியது. பிட்ஸ்பர்கின் டுகேன் பல்கலைக்கழகம் 1878ல் தொடங்கியது, ஆனால் இந்தப் பெயர் 1911ல்தான் வந்தது. அதுவும் ஆளுநரின் பெயர்தான்.

கப்பல்களுக்கு வைத்தது மூத்தவர் பெயர். ஆண்டைப் பார்த்தால் எந்தக் கப்பல் என்று தெரிந்துவிடும். 1803ல் ஆங்கிலேயரிடம் சிக்கியது 74 பீரங்கிப் பாய்மரக் கப்பல். 1940ல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் முடங்கியது 1925ல் நீரில் இறக்கிய குரூசர் வகைப் போர்க்கப்பல். 1970 முதல் 2007 வரை ஓடியது ஏவுகணைக் கப்பல். இந்தக் கடைசிக் கப்பலின் படத்தில்தான் ஏமாறுவார்கள். அதன் ஜோடியான சுஃப்ரன் அச்சு அசலாக அப்படியே இருக்கும். பக்கவாட்டு எண்ணைப் பாருங்கள்: டி603 டுகேன், டி602 சுஃப்ரன்.

தேடும்போது 'டு கேன்' என்று பிரித்தும் தேடுங்கள், பழைய ஆவணங்களில் இரண்டு வகையும் வரும். நியூயார்க், 1941 என்று கண்ணில் பட்டால் அவர் இவர்களில் யாருமில்லை. அது தென்னாப்பிரிக்காவில் பிறந்து ஜெர்மனிக்கு உளவு பார்த்த ஃப்ரிட்ஸ் டுகேன். அவர் கும்பலில் மொத்தம் 33 பேர் தண்டனை பெற்றார்கள்.